கிருபையும் காதலும்: பீரோப் பக்கம் நின்று கேட்ட கேள்விகள்

ஈரோட்டில் எங்கள் சபைக்குப் பின்னால், பாடகர் குழு அங்கி மாட்டும் அறையில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. அதுதான் எங்கள் நூலகம். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் டீயும் பன்னும் சாப்பிடுகிற அரை மணி நேரம் திறந்திருக்கும். சாவி என்னிடம். மேல்தட்டில் வேத விளக்கவுரைகளும் மிஷனரி வரலாறுகளும் தூசி படிந்து கிடக்கும். கீழ்த்தட்டில் இருக்கும் கிறிஸ்தவக் காதல் நாவல்கள்தான் ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கும்.

அவற்றைக் கையில் எடுக்கிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பல வருடம் வாயால் பதில் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். நானும் கொஞ்சம் கதை எழுதுகிறவள், ஆகவே பதில்களில் என் விருப்பு வெறுப்பு தெரியும்.

1. ஏனுங்க்கா, இது காதல் கதைங்களா, பிரசங்கமுங்களா?

காதல் கதைதான். ஒருத்தனும் ஒருத்தியும் சந்திக்கிறார்கள், சேர முடியாமல் அல்லாடுகிறார்கள், கடைசியில் பெரும்பாலும் சேர்ந்துவிடுகிறார்கள். நம் மாத நாவல்களில் குறுக்கே நிற்பது மாமியார், சொத்து, அத்தை மகள். இந்தக் கதைகளில் குறுக்கே நிற்பது அவரவர் உள்ளே சுமக்கிற ஒன்று: பழைய தப்பு, வெட்கம், ஆறாத கோபம். அதை இறக்கி வைக்கிற இடத்தில் கடவுள் வருகிறார். அந்த இடம் கதையோடு ஒட்டினால் நல்ல நாவல். ஒட்டாவிட்டால் நடுவில் ஆயர் ஒருவர் வந்து நாலு பக்கம் பேசிவிட்டுப் போவார். அதைத்தான் நீங்கள் பிரசங்கம் என்கிறீர்கள், அது நியாயமான புகார்.

அமெரிக்கக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் இது தனி வகையாக வேர் பிடித்தது, கனடாக்காரரான ஜானெட் ஓக் 1979-ல் தன் முதல் நாவலை வெளியிட்ட பிறகுதான். ஆரம்பத்தில் எல்லாம் குதிரை வண்டிக் காலத்துக் கதைகள். இப்போது வருகிறவற்றில் பாதிக்கு மேல் நம் காலத்துக் கதையாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. வீட்டுக் கடன், விவாகரத்து, குடி, வேலை போன கணவன் என்று வந்தால்தான் எங்கள் ஆட்கள் ஒரே மூச்சில் படிக்கிறார்கள்.

2. கிருபை, இரட்சிப்பு, மீட்பு, அருள்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானுங்களே?

இல்லை, ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடு. தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவு கிருபை. கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை திருவிழாவுக்குப் போகிற நம் கத்தோலிக்கச் சொந்தங்கள் அதையே அருள் என்பார்கள். அந்தத் தயவால் ஒருவர் விடுவிக்கப்படுவது மீட்பு. இரட்சிப்பு என்பது நம் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தின் சொல்.

மீட்பு என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். அதைத் தினமும் வாயில் வைத்திருப்பது ஆயர்கள் அல்ல, அடகுக் கடைக்காரர்கள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் வளையலை வைக்கிறோம், மஞ்சள் விற்ற காசு வந்ததும் மீட்கிறோம். இதில் கவனிக்க வேண்டியது, வளையல் ஒன்றும் செய்வதில்லை. ரசீதோடு இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது. பணம் கட்டி மீட்பது அதற்கு உடையவர். அது கடையில் கிடந்த நாளெல்லாம் அவருடையதாகவே இருந்தது. இந்த ஒரு படம் மனதில் இருந்தால் இந்த நாவல்கள் பாதி புரிந்த மாதிரி.

3. பைபிள்ல காதல் கதை இருக்குதுங்களா? நான் பார்த்ததே இல்லீங்க.

நிறைய இருக்கிறது. ராகேலுக்காக யாக்கோபு ஏழு வருடம் வேலை செய்து, ஏமாற்றி லேயாளைக் கட்டிவைக்கப்பட்டு, ராகேலுக்காக இன்னும் ஏழு வருடம் வேலை செய்கிறான். உன்னதப்பாட்டு முழுக்கக் காதல்தான். ஆனால் இந்த நாவல்களுக்குத் தாய்வீடு என்று சொல்ல வேண்டியவை இரண்டு: ரூத், ஓசியா.

ரூத்தின் கதை நாலே அதிகாரம். கணவனை இழந்த மோவாபியப் பெண், மாமியார் நகோமியோடு பெத்லகேம் வந்து, வாற்கோதுமை அறுத்த வயலில் சிந்தின கதிர்களைப் பொறுக்குகிறாள். கடலைக்காய் பிடுங்கின காட்டில் மிச்சக்காய் பொறுக்கப் போகிற பெண்களை நாம் பார்த்ததில்லையா, அதே மாதிரி. நிலத்துக்காரர் போவாஸ் சும்மா சோறு போட்டு அனுப்பவில்லை. வேலைக்காரர்களிடம், அவளுக்காகவே சில கதிர்களை வேண்டுமென்றே சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறார். அவள் வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. கிருபை எப்படி நடந்துகொள்ளும் என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் படித்துக் காட்டுவேன். அப்புறம் அவர் ஊர் வாசலில் பத்துப் பெரியவர்களை உட்காரவைத்து, சட்டப்படி நிலத்தையும் மீட்டு, அவளையும் மணக்கிறார்.

ஓசியா கடுமையான கதை. தீர்க்கதரிசியின் மனைவி கோமேர் வேறு ஆண்களிடம் போய்விடுகிறாள். மூன்றாம் அதிகாரத்தில் அவர் 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து அவளை வாங்கிக் கூட்டிவருகிறார். தன் மனைவிக்குத் தானே விலை. இரண்டாம் கேள்வியில் சொன்ன வளையல் இதுதான்.

4. அந்தத் தப்பான பொண்ணு கதை புக்கைப் போயி சர்ச்சு பீரோவுல வெச்சிருக்கறீங்களே, சரிங்களா?

ஃபிரான்சின் ரிவர்ஸ் 1991-ல் எழுதிய 'ரிடீமிங் லவ்' பற்றிய புகார் இது. வருடத்துக்கு இரண்டு முறையாவது வரும், 2022-ல் படமாக வந்தபோது ஐந்தாறு முறை வந்தது. ஓசியாவின் கதையை 1850-களின் கலிஃபோர்னியா தங்க வேட்டைக் காலத்தில் வைத்து எழுதியது. சின்ன வயதில் விற்கப்பட்ட பெண்ணையும் அவளை மணக்கிற விவசாயியையும் பற்றியது. எழுதியவர் அதற்கு முன் வெறும் காதல் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்து, விசுவாசத்துக்கு வந்த பிறகு இதை எழுதினார்.

பீரோவில் வைத்தது சரிதான். ஓசியாவே பலிபீடத்துப் பக்கத்தில் தோல் அட்டை போட்டு இருக்கிறது, யாரும் எடுத்து ஒளித்து வைக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகத்தை நான் தருவதில்லை. சிறுமிக்கு நடக்கும் கொடுமைகள் அதில் வருகின்றன.

5. தமிழ்ல இந்த மாதிரி யாரும் எழுதலீங்களா?

தமிழின் முதல் நாவலை எழுதியவரே ஒரு கிறிஸ்தவர்தான். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சானது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் வந்தது, அது முழுக்க மீட்பைப் பற்றிய காவியம். இந்த இரண்டையும் காதல் நாவல் என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் வெறுங்கையோடு வந்தவர்கள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்றைக்கு என் பீரோவில் இருப்பதில் பெரும்பகுதி ஆங்கிலம், கல்லூரிப் பெண்கள் எடுத்துப்போவது. தமிழில் படிக்க விரும்பும் அக்காமார்களுக்குக் கொடுக்க ஒரு கை அளவுதான் இருக்கிறது. பெருந்துறை பைபாஸில் நடக்கிற ஒரு கதைக்காக அவர்கள் காத்திருக்க, நான் அவர்களுக்கு டெக்சாஸ் பண்ணை வீட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

6. முத்தம் கித்தம் வருமுங்களா? வீட்டுல பொண்ணு இருக்குது.

முத்தம் வரும். அதற்கு மேல் கதவு சாத்தப்படும், பெரும்பாலான பதிப்பகங்களின் விதியே அதுதான். டி.வி. சீரியலை விட இது பரவாயில்லை.

7. ஹீரோ குடிகாரன். கடைசி அத்தியாயத்துல முழங்கால் போட்டு அழுகறான், அடுத்த பக்கம் கல்யாணம். இதை எப்படீங்க நம்பறது?

நம்ப வேண்டாம். இந்த வகையில் வரும் மோசமான நாவல்களின் பொது வியாதி இது. அழுகையை மனந்திரும்புதல் என்று கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

லூக்கா 19-ல் சகேயு கதையை வரிசை மாறாமல் படித்துப் பாருங்கள். ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், ஊரை ஏமாற்றிச் சம்பாதித்தவன், குள்ளன், காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு மேலே பார்த்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அதுவரை சகேயு ஒரு காசு திருப்பவில்லை, ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. தயவு முதலில் வந்துவிட்டது. அதற்கு அப்புறம்தான் அவன் எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திரும்ப என்கிறான். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் கிருபை கூலியாகிவிடும். இரண்டாம் பாதியை வெட்டிவிட்டால் வெறும் அழுகைதான் மிஞ்சும். ஒரு நாவலை மூடி வைத்ததும் நான் கேட்கிற கேள்வி ஒன்றே: இவன் மனம் மாறின பிறகு யார் வீட்டுக் கதவைத் தட்டி, எதைத் திருப்பிக் கொடுத்தான்?

நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையிலிருந்து சொல்கிறேன். திருப்பூரில் ஒருவன் ஏலச்சீட்டு நடத்துகிறான். மாதம் 2,000 ரூபாய், 20 பேர். பதினோராம் மாதம் பணத்தோடு ஓடிவிடுகிறான். நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்து ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிறான். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கினதும் சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுக்கிறான். முதல் வீட்டில் செக்கிங் வேலைக்குப் போய்க் கண் மங்கின ஒரு பாட்டி. அவர் உள்ளே போய், பேத்தி எழுதி மிச்சம் வைத்த 40 பக்க நோட்டை எடுத்துவருகிறார். பதினொரு மாதமும் தேதியோடு எழுதியிருக்கிறது. அடுத்த பக்கத்தில், மகள் கல்யாணத்துக்கு மூணு வட்டிக்கு வாங்கினது, வட்டி கட்டினது, கல்யாணம் நின்றது. அவர் விரலை நாக்கில் தொட்டு, அவன் கொடுத்த ரூபாய் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணுகிறார். பேனாவை அவனிடம் நீட்டி, "எனக்குக் கண்ணு தெரியல. நீயே எழுதிக்கோ சாமி" என்கிறார். அந்தப் பக்கத்தில் அவன் கையால் எழுத வேண்டும்.

அந்தக் கல்யாணம் நின்ற மகள்தான் கதாநாயகி. அவளுக்கு அவன் மேல் மனம் திரும்புவது, மழையில் நனைந்து வந்து, "இந்த வாரம் நூறு ரூபா கொறையுதுங்க" என்று வாசலிலேயே நின்று சொல்கிற பதினாலாவது சனிக்கிழமை. அவன் அழுகிற காட்சியை நான் எழுதவே இல்லை.

8. என்னதான் சொல்லுங்க, கிருபைன்னா தப்புப் பண்ணிட்டுத் தப்பிச்சுக்கற வழிதானுங்களே?

அப்போஸ்தலர் பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். கிருபை பெருகட்டும் என்று பாவத்திலேயே நிலைத்திருக்கலாமா என்று ரோமர் ஆறாம் அதிகாரத்தை ஆரம்பித்து, கூடாதே என்று ஒரே வார்த்தையில் வெட்டுகிறார். ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1937-ல் இதற்கு மலிவான கிருபை என்று பெயர் வைத்தார். எட்டு வருடம் கழித்து நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள், எனவே விலையைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு. மற்றபடி ஏழாம் பதிலில் சீட்டுக்காரன் சைக்கிளில் போனது இதற்காகத்தான்.

9. அடிக்கற புருசனை மன்னிச்சுத் திரும்பப் போறதுதான் கிருபைங்களா? கதையில எல்லாம் போறாங்க.

இல்லை. இதைக் கேட்டவர் புத்தகத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன்.

ஓசியாவில் மன்னித்துக் கூட்டிவருகிறவர் யார் என்று பாருங்கள். துரோகம் செய்யப்பட்டவர், அதுவும் பலம் உள்ளவர், தானாக முன்வந்து செய்கிறார். அடிபட்டவளிடம் போய், நீ ஓசியா மாதிரி இரு என்று யாரும் உத்தரவு போடுவதற்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. மன்னிப்பது ஒன்று, ஒரே கூரையின் கீழ் வாழ்வது வேறொன்று. மனதில் பகை வைக்காமல் இருக்கலாம், கதவைப் பூட்டியும் வைக்கலாம். அவன் திருந்தினானா என்பது தெரிய வருடங்கள் ஆகும், அந்த வருடங்களை அவன் வேறு வீட்டில் கழிக்கட்டும்.

கன்னத்தில் இரண்டாவது அறை விழும்போதும் மனைவியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் நாவல்கள் சிலவற்றைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்துவிட்டேன். கேட்டால் காரணம் சொல்வேன். கதையில் இல்லாமல் வீட்டில் நடந்தால் 181 என்ற எண்ணை அழையுங்கள், பெண்களுக்கான உதவி எண். 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனைவி அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் கேட்கலாம், அவன் நெருங்கக் கூடாது என்று உத்தரவும் கேட்கலாம். ஜெபமும் பண்ணுங்கள், போனும் பண்ணுங்கள்.

10. பொண்ணு கிறிஸ்டீன், பையன் இந்து. கதையில பையன் ஞானஸ்நானம் எடுத்தாத்தான் சேத்தி வெப்பாங்களா?

இந்த வகை நாவல்களில் பெரும்பாலும் அப்படித்தான். அவிசுவாசிகளோடு அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்ற வசனத்தை எழுத்தாளர்கள் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார்கள். அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவள் கிடைப்பாள் என்பதற்காக அவன் முழுகுகிறான் என்றால்தான் சண்டை. அது மீட்பா, கல்யாண மண்டபத்துக்கு அட்வான்சா? நல்ல எழுத்தாளர் என்றால், அவளை இழந்துவிட்டோம் என்று அவன் முடிவு கட்டின பிறகும் அவன் தேடல் தொடர்கிற மாதிரி எழுதுவார்.

எழுத நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். ஞானஸ்நானம் கேட்பது சபைகளின் விதி. 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டத்தில் யாரும் மதம் மாறத் தேவையில்லை, ஆனால் பதிவு அலுவலகத்தில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். நம் ஊரில் அந்த 30 நாளில் அந்தப் பலகையை யார் யார் வந்து படிப்பார்கள் என்று யோசித்தாலே பாதி நாவல் வந்துவிடும். சபையில் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உண்டா என்று ஓலை வாசிப்பதும் அதே மாதிரிதான். மூன்றாவது ஓலை முடிகிற வரை பெண்ணைப் பெற்றவளுக்குத் தூக்கம் இருக்காது.

11. அப்ப சாதி? அதைப் பத்தி ஒரு கதையிலயும் மூச்சு விட மாட்டேங்கறாங்களே?

அமெரிக்க நாவலில் வராது. நம் ஊரில் வைத்து எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் போனால் கதை பொய்யாகிவிடும். ஒரே அப்பத்தைப் பிட்டு ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம், பெண் தேடும் விளம்பரத்தில் மட்டும் சபைக்குப் பக்கத்தில் சாதியையும் போடுகிறோம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் பக்கத்தில், சாதி மாறிக் கட்டியதற்காக ஒரு இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அந்த ரோட்டில் நடக்கிற காதல் கதையில் நாயகனுக்கு இருக்கும் ஒரே பிரச்சினை சிகரெட் என்றால் யார் நம்புவார்கள்?

மூன்றாம் பதிலுக்குத் திரும்பிப் போங்கள். ரூத் மோவாபியப் பெண், வேற்று இனத்தவள். மோவாபியன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமத்தில் எழுதியிருக்கிறது. போவாஸுக்கு அது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ஊர்ப் பெரியவர்கள் பத்துப்பேர் முன்னால், ஊர் வாசலில், பட்டப்பகலில் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறார். அவர்களுக்குப் பிறந்த ஓபேத்தின் பேரன்தான் தாவீது ராஜா. வேறு மாதிரி நாவல் எழுதச் சொல்லி நம்மை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, மாதிரி கையிலேயே இருக்கிறது.

12. நாங்க சாமி கும்பிடறவங்க. எனக்கு இந்தக் கதை ஒட்டுமுங்களா?

கேட்டவர் என் பக்கத்து வீட்டம்மா, அவினாசிக்காரர். அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள், முதலை உண்ட பாலன் கதை. அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார். சுந்தரர் தெருவில் போகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர் வீட்டில் அழுகை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வயது. ஒருவனை மட்டும் சில வருடம் முன்னால் மடுவில் முதலை கொண்டுபோய்விட்டது. சுந்தரர் பதிகம் பாட, முதலை அந்தப் பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து உமிழ்கிறது, இடையில் போன வருடங்களுக்கும் சேர்த்து வளர்ந்த பிள்ளையாக.

அந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. உயிர் மட்டும் வரவில்லை, போன வருடங்களும் வந்தன. எங்கள் வேதத்தில் யோவேல் புத்தகத்தில் வெட்டுக்கிளி தின்ற வருடங்களைத் திரும்பத் தருவேன் என்று ஒரு வாக்கு இருக்கிறது. உங்கள் கதையும் எங்கள் கதையும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் இரண்டு பக்கமும் கோபிப்பார்கள். ஆனால் இழந்த வருடங்கள் திரும்ப வேண்டும் என்று ஏங்கின ஒருவருக்கு இந்த நாவல்கள் ஒட்டும். அந்தம்மா இப்போது என்னை விட வேகமாகப் படிக்கிறார். ஆயர் பேசும் பக்கங்களை மட்டும் தாண்டிவிடுவதாகச் சொன்னார். நானும் அப்படித்தான்.

13. ஜெபக்கூட்டத்துல ஒருத்தர் சொன்ன சாட்சியை அப்படியே கதையா எழுதலாமுங்களா?

கூடாது. நான் எழுதியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

வருடங்களுக்கு முன் ஒரு பெண்கள் கூட்டத்தில் ஒருவர் தன் கதையைச் சாட்சியாகச் சொன்னார். கணவன் விட்டுப்போய் மூன்று வருடம், அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்று அவன் செருப்பைத் தினமும் காலையில் துடைத்து வாசலில் வைப்பாராம். நான் பெயரை மாற்றினேன், கோபியைச் சத்தியமங்கலம் ஆக்கினேன், மஞ்சள் மண்டியை நூல் மில் ஆக்கினேன். சபையின் மாத இதழில் வந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். அடுத்த ஞாயிறு அவர் இதழை மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "நல்லா எழுதியிருக்கறீங்க்கா. அந்தச் செருப்பை மட்டும் மாத்தாம உட்டுட்டீங்க" என்றார்.

நான் மாற்றாமல் விட்டதற்குக் காரணம், கதையிலேயே அழகான இடம் அதுதான் என்பது. மன்னிப்புக் கேட்டேன், ஆனால் அச்சான இதழை 300 வீட்டிலிருந்து பொறுக்க முடியாது. ஏழாம் பதிலில் நான் போட்ட அளவுகோல்படி நான் திருப்பிக் கொடுக்க எதுவுமே இல்லை. ஒன்றரை வருடம் அவர் பீரோப் பக்கம் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் வந்து, தடிமனாக ஏதாவது கொடுங்கள் என்றார். கொடுத்தேன். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பிறகு பேசவில்லை. இங்கே எழுதுவதற்கு மட்டும் அவரிடம் அனுமதி கேட்டேன், இந்த முறை முன்னாலேயே.

14. நான் எழுத ஆரம்பிச்சா, பேச்சை எந்தத் தமிழ்ல எழுதறதுங்க?

ஜெபம் பண்ணும்போது நாம் எல்லாரும் பழைய வேதாகமத் தமிழுக்குத் தாவிவிடுகிறோம். "கர்த்தாவே, தேவரீர்" என்று ஆரம்பிக்கும் அதே வாய், ஆமென் சொன்ன கையோடு, "என்றா கண்ணு, சோறு உண்டியா" என்று கேட்கும். கதையிலும் அப்படியே விடுங்கள். ஒரு பெண் ஜெபத்தின் நடுவில் அந்தப் பெரிய தமிழை விட்டுவிட்டு, "என்னால முடியலீங்க சாமி" என்று சொல்லிவிட்டால், அங்கே ஏதோ உடைந்தது என்று வாசகருக்குத் தெரியும். நீங்கள் விளக்க வேண்டாம்.

அப்புறம், சபையைச் சபையாகக் காட்டுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்கு இரண்டு குடும்பம் வீம்புக்கு விலை ஏற்றுவது, கேரல் ரவுண்ட்ஸில் வேனுக்குள் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் நடக்கும் அரசியல், இதெல்லாம் எந்த அமெரிக்க நாவலிலும் கிடைக்காது.

15. கட்டாயம் சந்தோசமாத்தான் முடியணுமுங்களா?

வகையின் வழக்கம் அது. வாங்குகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் கிருபைக் கதைகளுக்கெல்லாம் தலைக்கதையான கெட்ட குமாரன் கதையில் முடிவே இல்லை. சொத்தில் பங்கை வாங்கிப்போய் அழித்த இளையவன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டான், கன்று அடித்தாயிற்று, உள்ளே ஆட்டமும் பாட்டும் கேட்கிறது. மூத்தவன் வெளியே நிற்கிறான். அப்பா வெளியே வந்து அவனைக் கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா? லூக்கா எழுதவில்லை.

என் சீட்டுக்காரன் கதையில் கல்யாணம் நடக்கும். ஆனால் சீட்டுப் போட்ட இருபது பேரில் ஒருவர் கடைசி வரை காசையும் வாங்க மாட்டார், விருந்துக்கும் வர மாட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

16. புக்கு லேட்டாயிருச்சுங்க்கா. இவ்வளவு கிருபை பேசறீங்க, ஃபைன் எதுக்குங்க?

ஏழாம் பதிலைப் படியுங்கள். சகேயு நாலத்தனையாகக் கொடுத்தான். நாங்கள் கேட்பது வாரத்துக்கு ஐந்து ரூபாய். டப்பா பீரோ மேலே இருக்கிறது.